ஆறாவது கண்ணி

தூத்துக்குடி கடைத்தெருவில் கிருபாநிதி அண்ணாச்சியின் இரும்புக்கடை வாசலில் உட்கார்ந்து சீனித்தாய் கம்பியைப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அது கம்பியா கரும்பா? கடிச்சுத் துப்பிட்டுப் போயிட்டேன்னா அப்புறம் அதை எவன் வாங்குவான்?" என்றார் கிருபாநிதி.

"கடிக்காம எப்படி அண்ணாச்சி தெரியும்? பல்லு பதிஞ்சா மெது. பதியலைன்னா விறைப்பு. எனக்கு ரெண்டுக்கும் நடுவுல உள்ளது வேணும்."

"நடுவுல உள்ளதையெல்லாம் வெள்ளைக்காரன் குண்டு செய்யக் கொண்டு போயிட்டாம்லா."

யுத்தம் முடிந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஓடிப்போன ஜனம் திரும்பியது, பஸ் திரும்பியது, துறைமுகத்தில் விளக்குக்கூடத் திரும்ப எரிந்தது. பித்தளைக் கம்பி மட்டும் கடைக்குத் திரும்பவில்லை. அண்ணாச்சி நல்ல மனுஷர். இல்லை என்று சொல்லி அனுப்ப மனசில்லாமல் உள்ளே போய் மூன்று தினுசு எடுத்து வந்து சாக்கின் மேல் பரப்பியிருந்தார்.

முதலாவது, சாரம் கட்டுகிற கட்டுக்கம்பி. உப்புக்காற்றில் பத்து நாள் தாங்காது. துருவேறிவிட்டால் வளையம் ஓடாமல் பாதியில் நிற்கும், முயல் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இரண்டாவது, பழைய மோட்டாரில் சுற்றியிருந்த செப்புக்கம்பி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் முயல் ஒரு முறை துள்ளிப் புரண்டால் நூல் மாதிரி அறுந்துவிடும். மூன்றாவது, கப்பல் வடத்திலிருந்து பிரித்த எஃகு இழை. அதை வளைத்தால் வளைந்த மாதிரி பாவனை செய்து, கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.

"இது வீம்பு பிடிச்ச கம்பி அண்ணாச்சி. வேண்டாம்."

முயல்கண்ணிக்குக் கம்பி பார்ப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று அவள் புருஷன் நயினார் சொல்வான். வளையமாக நிற்கிற அளவுக்கு விறைப்பு வேண்டும். சுண்டினால் சுருங்குகிற அளவுக்கு இளக்கமும் வேண்டும். தரைக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு முஷ்டியும் கட்டைவிரலும் போகிற இடைவெளியில், காற்றடித்தாலும் அசையாமல், வாசனை இல்லாமல், மினுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இவ்வளவு குணமும் பித்தளையிடம்தான் உண்டு. அதையும் மூன்று இழையாக முறுக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வேகவைத்துக் கறுக்க வைத்தால்தான் உண்டு.

மாப்பிள்ளையூரணிக்கு வடக்கே அவளுக்கு இருந்த பயத்தங்காட்டில் மார்கழி பிறந்தால் முயல் தொல்லை. ஆனால் சீனித்தாய் இப்படி ஊரெல்லாம் அலைந்து கம்பி தேடியது பயற்றங்கொடிக்காக என்று நினைத்தால் அது தப்பு. முயலைத் துரத்த ஒரு கிழட்டு நாய் போதும்.

விஷயம் இதுதான். ஐந்தரை வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆனி மாதம், நயினார் ரங்கூனில் ஒரு மளிகைக்கடைக்குக் கணக்கப்பிள்ளையாகப் போனான். போகிறதுக்கு முதல் நாள் இதே கிருபாநிதி கடையில் ஒரு சுருள் பித்தளைக் கம்பி வாங்கி, ஆறு கண்ணி முறுக்கி வைத்தான். "தினம் வச்சா ஒரு கண்ணி ஒரு வருசம் வரும். இந்த ஆறும் அந்து தீரதுக்குள்ள நான் வந்துருவேன்" என்றான். மிச்சக் கம்பியைத் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டான். பர்மாவில் முயல் உண்டா என்று அவள் கேட்டதற்கு, உனக்கு ஒரு முயல்குட்டி கொண்டுவருகிறேன் என்று கன்னத்தைக் கிள்ளினான். ஆறு கண்ணிக் கணக்கும் விளையாட்டாகச் சொன்னதுதான். சொன்னவன் கப்பலேறிப் போய்விட்டான். கேட்டவள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றது. நடந்தே வந்தவர்கள் வந்தார்கள். வழியில் செத்தவர்களின் கதையும் வந்தது. நயினாரைப் பற்றி மட்டும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை வரவில்லை. அவளுடைய அண்ணன் வன்னியபெருமாள் இரண்டு வருஷம் பொறுத்தார். மூன்றாவது வருஷம், "செத்தவனுக்குத் தண்ணி காட்டாம அலைய விடுதது பாவம் தாயி. கருமாதிய முடிச்சிருவோம்" என்றார்.

"ஆறு கண்ணி தீரட்டும் அண்ணே. அதுக்கப்புறம் நான் மறு பேச்சுப் பேச மாட்டேன்."

அண்ணன் வாக்கு மாறாதவர். அன்றிலிருந்து அவரும் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு கண்ணியாகப் போனது. முற்றிலும் இற்றுப்போன பிறகுதான் ஒன்றைப் போனதாக அவள் ஒத்துக்கொள்வாள். அதுவரைக்கும் ஒட்டு மேல் ஒட்டு. ஐந்து போயின. ஆறாவது, மூன்று ஒட்டுகளோடு, போன செவ்வாய்க்கிழமை ஒரு குள்ளநரி விழுந்து நட்ட நடுவில் அறுத்துவிட்டது. "ஆறாவது எங்கன?" என்று அண்ணன் கேட்டபோது, காட்டில் வைத்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டாள். அறுந்த துண்டு அவள் மடியில்தான் இருந்தது. அண்ணனுக்குத் தெரிந்தால் தை அமாவாசைக்கே கருமாதியை முடித்துவிடுவார்; அதற்கு ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் ஒட்டுவதற்கு ஒரு முழம் நல்ல பித்தளை வேண்டும். இவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது.

"இங்க பாரு" என்று கிருபாநிதி கடைசியில் எழுந்தார். "ஒருத்தன் காலையில முயலு கொண்டாந்து குடுத்தான், ஞாயித்துக்கிழமைக் கொழம்புக்குன்னு. கண்ணிக்கம்பி கழுத்துலயே இருக்கு. என்ன தினுசுன்னு நீயே பாத்துக்க. இந்தப் பஞ்சத்துலயும் அவனுக்குக் கம்பி கெடைக்குல்லா?"

முயல் உள்சுவரில் ஆணியில் தொங்கியது. கம்பி மெல்லிய கறுப்பு இழை. பட்டாளத்து டெலிபோன் கம்பியின் ரப்பரை உரித்து எடுத்ததாக இருக்கும். சீனித்தாய் அதன் மேல் விரலை ஓட்டினாள். வளையம் ஓடுகிற காதுக்கு விரல் வந்ததும் நின்றுவிட்டது.

காது இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. ஏழு சுற்று. ஏழாவது சுற்றின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிராமல் உள்ளே மடிந்திருந்தது.

உலகத்தில் எல்லாரும் கம்பியை வலப்பக்கமாகத்தான் முறுக்குவார்கள். நயினார் நொட்டாங்கைக்காரன். சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடது கையால் செய்து அப்பனிடம் அடிவாங்கி வளர்ந்தவன். அந்த முறுக்கை அவள் ஐந்தரை வருஷமாகத் தடவிக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

"அண்ணாச்சி, இதைக் கொண்டாந்தது யாரு?"

"பேரு தெரியல. தருவைகுளத்துல உப்பளத்துக் கொட்டகையில இருக்கான். பர்மாவுல இருந்து நடந்தே வந்தவன்னு சொன்னாவ. ஏளா, என்ன? மொகம் ஏன் இப்படி ஆகுது? தண்ணி குடிக்கியா?"

அவள் தண்ணீரும் குடிக்கவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சாக்கின் மேல் கிடந்த மூன்று கம்பிகளையும் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

தருவைகுளத்துக்கு அங்கிருந்து நல்ல தூரம். ஊரைத் தாண்டி மாப்பிள்ளையூரணி வழியாகத்தான் போக வேண்டும். தன் வீட்டைக் கடக்கும்போது அண்ணன் கண்ணில் படாமல் இருக்க முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமாக நடந்தாள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் உடைமரமும் பனையும்தான். வலப்பக்கம் எங்கேயோ கடல் இரைந்தது.

முதல் மைலில் சந்தோஷம் தவிர வேறு ஒன்றும் இல்லை. காலில் முள் குத்தியதுகூடத் தெரியவில்லை. இரண்டாவது மைலில் கோபம் வந்தது. வந்தவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை? ஏழு மைல் தூரத்தில் உட்கார்ந்து ஊரானுக்கு முயல் பிடித்துக் கொடுக்கிறவனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் இல்லையா? என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டாள். நாலாவது மைலில் பயம். கால் போயிருக்குமோ, முகத்தில் காட்ட முடியாத காயமோ? எனக்கென்ன, கால் இல்லாவிட்டால் நான் தூக்கிப் போகிறேன் என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு இன்னொன்றும் தோன்றியது. வேறொருத்தியைக் கூட்டி வந்திருந்தால்? பர்மாக்காரிகள் சுருட்டுப் பிடிப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு பர்லாங்கு தூரம் அந்தச் சுருட்டுக்காரியைத் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த பர்லாங்கில், சரி, இருந்துவிட்டுப் போகட்டும், மூன்று பேருக்கும் சேர்த்துப் பொங்கிவிடலாம் என்று இறங்கி வந்துவிட்டாள். அவன் இருந்தால் போதும். இருக்கிறான் என்றால் போதும்.

தருவைகுளம் எல்லையில் ஒரு கிணற்றடியில் நின்றாள். முகம் கழுவி, முள் பட்டுக் கலைந்த தலையை அவிழ்த்து முடிந்தாள். முன்நெற்றியில் நரைத்த நாலு மயிரை உள்ளே தள்ளி மறைத்தாள். ஐந்தரை வருஷம் கழித்துப் பார்க்கிறவன் முதலில் அதையா பார்க்க வேண்டும்?

மழைக்காலமாதலால் உப்பளத்தில் வேலை இல்லை. பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஓலைக் கொட்டகைக்கு முன்னால் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு மண்சட்டி கொதித்தது. ஆவாரம்பட்டை வாடை அவள் நிற்கிற இடம் வரைக்கும் வந்தது. இடது கை ஏறி இறங்கி எதையோ முறுக்கிக்கொண்டிருந்தது.

முதுகு கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. நயினார் ஒல்லி. பரவாயில்லை, அந்த ஊர்ச் சாப்பாடு உடம்பில் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கழுத்து கறுப்பாக இருந்தது. வெயில்தானே, கறுக்காதா? நின்ற இடத்தில் நின்றுகொண்டே அவள் அந்த முதுகை நயினாருடைய முதுகாக்கப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அவன் திரும்பாமல் இருந்திருக்கலாம். கூப்பிடலாம் என்றால் புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை.

"ஏங்க" என்றாள்.

அவன் திரும்பினான். முன்பின் பார்த்திராத முகம்.

அவளுக்குத்தான் அவனைத் தெரியவில்லை. அவனுக்கு அவளைத் தெரிந்திருந்தது. கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சடக்கென்று எழுந்து நின்றான்.

"மைனி" என்றான்.

அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற முறை அது. அவளை அப்படிக் கூப்பிட நயினாருக்குத் தம்பி கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நயினாரோடு இருந்தவன் நயினார் இல்லாமல் வந்திருக்கிறான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

அவன் பெயர் சொரிமுத்து. தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவன். குண்டு விழுந்து எல்லாரும் கிளம்பியபோது நயினாரோடு சேர்ந்து நடந்தவன். அவள், "எங்கன?" என்று மட்டும் கேட்டாள்.

"அரக்கான் மலையில மைனி. பங்குனி கடைசி. வாந்திபேதி. ரெண்டே நாளு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க கூட்டத்துல பதினோரு பேரு. நயினார் அண்ணாச்சி வச்ச கண்ணியிலதான் எல்லாரும் உசுரோட இருந்தோம். காட்டுக்கோழி விழும், சமயத்துல முயலு விழும். அவரு ராத்தங்குத எடத்துல எல்லாம் பெட்டியத் தொறந்து அந்தப் பித்தளைச் சுருளை எடுத்துருவாரு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். எனக்கு மத்த வேலைக்கெல்லாம் வலது கையிதான். ஆனா கம்பிய மட்டும் அவரு முறுக்குத மாதிரிதான் முறுக்க வரும்."

"என்னையப் பத்தி…"

"உங்களப் பத்தியா? உங்களப் பத்தியேதான் மைனி! நடக்குதப்பம் எல்லாம் கண்ணிக் கணக்குத்தான். 'இந்நேரம் அவகிட்ட ஒண்ணு அந்துருக்கும் லே, இன்னும் அஞ்சு இருக்கும்'பாரு. மலை ஏறுதப்பம் ஒரு நாளு, 'ரெண்டு அந்துருக்கும், நாலு இருக்கும்'னாரு. அதுக்கப்பொறம் அதையேதான். காலெல்லாம் வீங்கி எங்களால ஒரு எட்டு வைக்க முடியாது. 'ஏலே, நாலு இருக்கு, நேரம் இருக்கு, எந்திரிங்கலே'ன்னு எங்களை எழுப்புவாரு."

சீனித்தாய் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். இங்கே அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தபோது அங்கே மலையில் அவனும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். நாலு மிச்சம் இருக்கும்போதே போய்விட்டான். மீதி நாலையும் அவள் நாலு வருஷம் வைத்துக் காத்திருக்கிறாள். இதை நினைத்ததும்தான் அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை. சொரிமுத்து சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான்.

அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்: "தெரிஞ்சும் நீரு ஏன் வந்து சொல்லல? மாப்பிள்ளையூரணி ஒமக்குத் தூரமா?"

"அஸாமுல பட்டாள ரோடு போடுத வேலையில பிடிச்சுப் போட்டுட்டான் மைனி. யுத்தம் முடிஞ்சப்பொறம்தான் விட்டான். ஐப்பசியில வந்தேன். உங்களத் தேடித்தான் இந்தப் பக்கமே வந்தேன். ரெண்டு தடவை உங்க பயத்தங்காட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

"ஏன்?"

அவன் கொட்டகைக்குள் போனான். ஒரு தகர டப்பாவோடு வந்து அதை அவள் முன்னால் வைத்தான். உள்ளே சின்னச் சுருளாகப் பித்தளைக் கம்பி இருந்தது. இரண்டு முழம் தேறும். சீனித்தாய் அதை எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாக வாய்க்குக் கொண்டுபோனது. கடித்தாள். பல் பதிந்தும் பதியாமலும் நின்றது. காலையிலிருந்து அவள் தேடிய கம்பி இதுதான்.

"இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. கூட ஒரு வார்த்தையும் சொல்லச் சொன்னாரு. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் வந்த ரெண்டு தடவையும் நீங்க வரப்புல உக்காந்து அந்த ஒத்தைக் கண்ணிய ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீய. அதைப் பாத்ததுக்கப்பொறம் எனக்கு வாய் வரல."

"இப்பம் சொல்லும்."

"கடைசி நாளு, நாலு இருக்குன்னு அவரு சொல்லல மைனி. 'அவளை எனக்குத் தெரியும் லே. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டே காலத்தை ஓட்டிருவா. அந்துபோனதை ஒட்டாதன்னு சொல்லிரு'ன்னாரு."

சீனித்தாய் மடியிலிருந்து அறுந்த ஆறாவது கண்ணியை எடுத்தாள். ஒரு கையில் அது, மறு கையில் அவன் அனுப்பிய கம்பி. இரண்டும் ஒரே சுருளில் பிறந்தவை. சேர்த்து முறுக்கினால் ஒட்டே தெரியாது. அண்ணன் கண்ணுக்கு ஒரு நாளும் தெரியாது. வெகு நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணியை மடியிலும் கம்பியை டப்பாவிலும் தனித்தனியாக வைத்தாள்.

தை அமாவாசையன்று தூத்துக்குடிக் கடற்கரையில் நல்ல கூட்டம். அண்ணன் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். தர்ப்பையில் ஒரு உரு செய்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அவள் கழுத்திலிருந்து கழற்ற வேண்டியதைக் கழற்றினார்கள். நயினாருக்குப் பிள்ளை இல்லாததால் வன்னியபெருமாளே முழங்கால் தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சீனித்தாய் அவர் பக்கத்தில் வந்து நின்று மடியிலிருந்ததை எடுத்து அலையில் விட்டாள். அது உடனே முழுகிவிட்டது.

"ஏளா, அது ஆறாவதுல்லா?" என்றார் அண்ணன். "எப்பம் அந்துது?"

"மார்கழியில அண்ணே."

"எங்கிட்டக் காட்டுல இருக்குன்னு சொன்னியே."

"ஒட்டிரலாம்னு நெனச்சேன்."

வன்னியபெருமாள் ஈரக்கையை அவள் தலையில் வைத்தார்.

வாரம் ஒன்று கழிந்தது. காட்டில் கடைசிப் பயறு பறிக்க இருந்தது. முயலுக்கு யாருடைய துக்கமும் தெரியாது; ஒரு பாத்தி முழுக்க மேய்ந்து வைத்திருந்தது. அன்று சாயங்காலம் சீனித்தாய் வரப்பில் உட்கார்ந்து தகர டப்பாவைத் திறந்தாள். கம்பியை மூன்றாக வெட்டி, மூன்று இழையையும் சேர்த்துப் பிடித்தாள். இந்தக் கண்ணிக்கு யாரும் கெடு வைக்கவில்லை. இது அறுந்தால் வேறொன்று. அறுந்ததை ஒட்ட வேண்டியதில்லை. ஊரார் முறுக்குகிற மாதிரி வலப்பக்கமாகவே முறுக்கிவிடலாம் என்று ஆரம்பித்தாள்.

ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று பாதியில் நின்றது. விரல்கள் தாமாக அதைப் பிரித்துவிட்டு இடப்பக்கமாகத் திரும்பின. அவள் தடுக்கவில்லை. ஏழு சுற்று முறுக்கி, நுனியை உள்ளே மடித்தாள்.